கல்யாணத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று சொல்லும் மங்கா இருக்கிறதா?

உவர்மலைக் கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நீண்ட நாளாக வாசிப்பவள், எழுதுவது முதல் தடவை.

அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு மாதம் எங்கள் வீட்டில் வந்து நின்றாள். போகும்போது தன் பழைய டேப்லட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அது முழுக்க மங்கா, ஜப்பான் படக்கதைகள். எனக்குத் தெரிந்த படக்கதையெல்லாம் அப்பா தகரப் பெட்டியில் வைத்திருந்த சிவகாசி காமிக்ஸ்தான். இரும்புக்கை மாயாவியோடு என் படிப்பு நின்றுவிட்டது. மங்காவை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்று தெரியாமல் முதல் புத்தகத்தில் பாதி வரை பதிலை முன்னால் வாசித்துவிட்டுக் கேள்வியைப் பின்னால் வாசித்தேன். எங்கள் வீட்டில் வாக்குவாதம் நடப்பதும் அப்படித்தான் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு முறையைப் பழகிக்கொண்டு ஒரு காதல் கதையைப் பிடித்தேன். பதின்மூன்று தொகுதி. இரண்டு பேரும் கையைப் பிடிப்பதற்கே நான்கு தொகுதி ஆகிறது. கடைசிப் பக்கத்தில் கல்யாணம், பூச்சொரிகிறது, முற்றும். அப்போது இரவு ஒன்றரை மணி. பக்கத்தில் இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் "முற்றும்" போட்ட இடத்தில்தானே எனக்குத் தொடங்கியது என்று கோபம் கோபமாக வந்தது.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு சீதனமாகப் பெண்ணின் பெயரில் இருக்கும். எங்கள் வீடும் அப்படித்தான். கீழே அம்மாவும் அப்பாவும், மேலே நாங்கள். இவர் பருத்தித்துறைக்காரர். வழமைதான் என்பதால் எதுவும் எளிதாகிவிடுவதில்லை. ஏழு வருடமாகியும் கீழே குசினியில் சீனிப் போத்தலை எடுப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கி நின்றுதான் எடுக்கிறார். நான் அதைக் கவனித்ததே போன மாதம்தான்.

கீழே பெற்றோர் இருப்பதால் எங்கள் சண்டை முழுக்கக் கிசுகிசுப்பில் நடக்கும். மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுத்தான் தொடங்குவோம். கடகடவென்று சத்தம் போடும் பழைய விசிறி. அதற்கு எண்ணெய் விட வேண்டும் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்போம். நாங்கள் ஒத்துப்போகிற ஒரே விடயம் அது. 2022 இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது விசிறியும் இல்லை, சண்டை பிடிக்கவும் வழியில்லை. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கையின் அமைதியான வருடம்.

இவர் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்புப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அறைகள் காலி. 2020 இல் கொரோனாவோடு வேலையும் போனது. அதற்குப் பிறகு அலங்கார மீன். பிறகு காளான். இப்போது காடை. ஒவ்வொன்றையும் தொடங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. மூன்றாம் மாதம் என் சம்பளத்தில் கை வைக்கும்போது, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று என்மேல் எரிச்சல் வரும். நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். வீட்டுக்கும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.

போன மாதம் மகளின் மொண்டிசோரிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த 4,500 ரூபாய் காடைக் கூட்டுக்கு மின்குமிழாகவும் வயராகவும் மாறிவிட்டது. குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு நாள். "சாப்பாடு மேசையில்." "பிள்ளைக்குச் சளி." "தண்ணீர் வருகிறது." இவ்வளவுதான் கதை. அந்த 4,500 ஐ எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் கொப்பியில் அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

கேள்வி இதுதான். இந்த மாதிரி வாழ்க்கையை வரைந்த மங்கா உண்டா? கள்ள உறவு, பழிவாங்கல், விவாகரத்து வழக்கு எல்லாம் வேண்டாம். அவற்றுக்கு அம்மா பார்க்கும் தொடர் நாடகங்கள் போதும். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை, ஆனாலும் சரிவரவில்லை. அப்படி ஒன்று.

சல்லிப் பொடியன்:

அக்கா, சரியான ஆளிடம் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆனால் கல்யாண மங்கா எல்லாம் வாசித்திருக்கிறேன்.

முதலில் பெகோ வத்தனபேயின் "1122". ஜப்பானில் நவம்பர் 22 நல்ல தம்பதிகள் நாள். 11, 22 என்ற எண்களை அவர்கள் மொழியில் "ஈ ஃபூஃபு" என்றும் ஒலிக்கலாம். நல்ல கணவன் மனைவி என்று அர்த்தம். 2016 முதல் 2020 வரை வந்தது, ஏழு தொகுதிதான். கல்யாணமாகி ஏழு வருடமான ஜோடி, உங்களைப்போல. நன்றாகச் சிரித்துக் கதைப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், ஆனால் தொடுவதில்லை. கடைசியில் மனைவியே கணவனுக்கு வெளியே ஓர் உறவு வைத்துக்கொள்ள அனுமதி கொடுக்கிறார். கள்ள உறவு வேண்டாம் என்றீர்கள், தெரியும். இது கள்ளம் இல்லையே, அனுமதியோடுதானே நடக்கிறது.

அடுத்தது ஃபுமி யோஷினாகாவின் "நேற்று என்ன சாப்பிட்டாய்?". 2007 இல் தொடங்கியது. ஒரு வழக்கறிஞர், ஒரு சிகையலங்காரக்காரர், இரண்டு பேரும் ஆண்கள், ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். வழக்கறிஞர்தான் சமையல். மாதச் சாப்பாட்டுச் செலவை 25,000 யென்னுக்குள் அடக்க எந்தக் கடையில் எது மலிவு என்று அலைவார். மற்றவர் வழியில் விலை கூடிய ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கொப்பி வைத்திருக்கும் உங்களுக்கு இது பிடிக்கும்.

நிலாவெளி 1961:

கார்ட்டூன் பார்த்துத்தான் குடும்பம் நடத்த வேண்டுமா? வீட்டு விடயத்தை வீட்டுக்குள் பேசித் தீர்க்கத் தெரியாதவர்கள்தான் இப்படிப் பொதுவில் வந்து நிற்கிறார்கள்.

உவர்மலைக் கணக்குப்பிள்ளை:

பொடியன் தம்பி, "அனுமதியோடு" என்பதை வாசித்துவிட்டு விசிறி போடாமலே சிரித்துவிட்டேன். அம்மா கீழேயிருந்து என்ன என்று கேட்டார். சாப்பாட்டுக் கதையை எடுத்துவைத்தேன். அந்த வழக்கறிஞர் கறிக்குப் போட்டு மிஞ்சிய அரை முள்ளங்கியை அடுத்த நாள் என்ன செய்யலாம் என்று யோசிக்கும் முகம் அப்படியே என் முகம்.

நிலாவெளி ஐயா, வீட்டுக்குள் பேசலாம்தான். மேலே எழுதியதை இன்னொரு தடவை வாசியுங்கள். எங்கள் வீட்டுக் கூரைக்கும் தரைக்கும் காது இருக்கிறது.

கிண்ணியா ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. நான் சொல்லப்போகும் புத்தகத்தைக் கல்யாணக் கதை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். கெய்கோ டோபே என்ற பெண் வரைந்த "ஒளியோடு". ஆட்டிசம் உள்ள ஒரு மகனை வளர்க்கும் தாயின் கதை. பிள்ளையின் பெயர் ஹிகாரு. ஒளி என்று பொருள். 2000 ஆம் ஆண்டில் தொடங்கினார். கதையை முடிக்குமுன் 2010 இல் அவர் மௌத்தாகிவிட்டார்.

என் மூத்த மகனுக்கு ஒன்பது வயது. அவனும் அப்படித்தான். அதனால்தான் இந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. ஒரு பயிற்சிப் பட்டறையில் ஒரு தாதி தந்தார். பிள்ளையை எப்படிப் பழக்குவது என்று தெரிந்துகொள்ளத் திறந்தேன். முதல் அத்தியாயத்திலேயே பிள்ளையை விட்டுவிட்டுக் கணவன் மனைவியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைத் தூக்கினால் முறுக்கிக்கொண்டு அழுகிறது. ஒன்றரை வயதில் காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்படுகிறார்கள். வளர்ப்பு சரியில்லை என்கிறார் மாமியார். கணவன் வேலை வேலை என்று ஓடுகிறவர். கெட்டவர் இல்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று கண்ணை நிமிர்த்திப் பார்க்காதவர், அவ்வளவுதான். பிறகு மெல்ல மெல்ல மாறுகிறார். அந்த மாற்றத்தை ஒரே பக்கத்தில் முடித்துவிடவில்லை டோபே அம்மா. அதற்காகவே அவருக்கு துஆ கேட்டேன்.

எங்கள் மச்சான், பிள்ளையின் வாப்பா, கத்தாரில். ஒவ்வோர் இரவும் வீடியோ அழைப்பில் வந்து முதல் கேள்வியாக "இன்னும் கதைக்கவில்லையா?" என்பார். மகனைத்தான் கேட்டார். இரண்டு வருடம், ஒவ்வோர் இரவும். எனக்கு அது பரீட்சை முடிவு கேட்பதுபோல இருக்கும். பிறகு அழைப்பு வரும்போது குளிக்கிறேன், தொழுகிறேன் என்று உம்மாவைச் சொல்லச் சொன்னேன். தங்கச்சி, பொய்க்குத் தொழுகையை இழுத்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்.

ஒரு விடுமுறைக்கு வந்தவர் மூன்று மாதம் நின்றார். மகனுக்கு லொறிச் சக்கரம் சுற்றுவதைப் பார்க்கப் பிடிக்கும். ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு பேரும் கிண்ணியாப் பாலத்தில் போய் நிற்பார்கள். முதல் கிழமை திரும்பி வந்து அவன் ஒன்றுமே கதைக்கவில்லை என்றார். மூன்றாவது கிழமை, ஆறு சக்கர லொறி வந்தால் அவன் என் கையை இறுக்கிப் பிடிக்கிறான், பத்துச் சக்கரம் என்றால் விட்டுவிடுகிறான் என்றார். இப்போது கத்தாரிலிருந்து எடுத்தால் அந்தக் கேள்வியை அவர் கேட்பதில்லை. இன்றைக்கு எத்தனை லொறி என்று கேட்கிறார்.

உங்கள் 4,500 ரூபாய் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய தொகையெல்லாம் போயிருக்கிறது. ஆனால் பதினொரு நாள் நீளம் தங்கச்சி.

புவியியல் வாத்தியார், திருக்கடலூர்:

பிள்ளை, உன் கேள்வியை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. வாசித்த மங்கா ஒன்றே ஒன்றுதான், அதையும் கனடாவில் இருக்கும் பேரன் அனுப்பியதால் வாசித்தேன். முதலில் தொடவே மனம் வரவில்லை. காரணம் ஜப்பான்.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில் ஜப்பான்காரன் இந்த ஊரில் குண்டு போட்டான். அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தான். என் அம்மா அப்போது புதுப்பெண். அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை அப்படியே சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடியதாகச் சொல்வார். ஓடும்போது அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்தாராம். அவர் பின்னால் ஒரு சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாராம். "என்னைக் கூட்டிக்கொண்டு போகத் தோன்றவில்லை, சேவலைப் பிடிக்கத் தோன்றியது" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்காட்டினார். உன் கொப்பியில் எழுதத் தலைப்பில்லாத வரி என்றாயே, அம்மாவுக்கு அது அந்தச் சேவல்.

புத்தகத்தின் பெயர் "இந்த உலகத்தின் ஒரு மூலையில்". ஃபுமியோ கோனோ என்ற பெண்மணி 2007 முதல் 2009 வரை எழுதியது, மூன்று தொகுதி. சுசு என்ற ஹிரோஷிமாப் பெண் 1944 பெப்ரவரியில், முகம் சரியாகத் தெரியாத ஒருவனைக் கட்டிக்கொண்டு கூரே என்ற ஊருக்குப் போகிறாள். கூரே எங்கள் ஊர் மாதிரியே மலை சூழ்ந்த கடற்படைத் துறைமுகம். யமாத்தோ என்ற பெரிய போர்க்கப்பலைக் கட்டிய இடம். அவர்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கீழே துறைமுகம் தெரியும். நீ இருக்கும் உவர்மலையிலிருந்து பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள். எங்கள் மேல் குண்டு போட்ட கடற்படையின் ஊரில், அரிசியை எப்படிப் பெருக்குவது என்று ஒரு பெண் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அரிசியை வறுத்து, ஊறவைத்து, உப்பிப் பெருகச் சமைக்கிறாள். சட்டி நிறையச் சோறு. வாயில் வைத்தால் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில்தான் எனக்கு ஜப்பான்காரன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் வழுக்கியது. அம்மா மரவள்ளியைத் துருவிச் சோற்றோடு கலப்பார். நாங்களும் முகத்தைச் சுளித்தோம்.

ஆனால் உனக்குச் சொல்ல வந்தது சோற்றை அல்ல. சுசுவின் புருஷன் ஷூசாக்கு நல்லவன். அமைதியானவன், கை நீட்டாதவன். அவளுடைய சின்ன வயதுச் சிநேகிதன் ஒருவன், கடற்படை மாலுமி, ஓர் இரவு வீட்டுக்கு வருகிறான். போருக்குத் திரும்பிப் போகிறவன், உயிரோடு வருவானோ தெரியாது. ஷூசாக்கு அவனைக் கொட்டிலின் மாடியில் படுக்க வைத்துவிட்டு, குளிருக்கு இதைக் கொண்டுபோய்க் கொடு என்று மனைவியை அனுப்பி, வீட்டுக் கதவை உள்ளே பூட்டிக்கொள்கிறான். பெருந்தன்மை என்று அவன் நினைக்கிறான். சுசுவுக்குப் பொல்லாத கோபம். அதை அன்றைக்குக் காட்டவில்லை. பிறகு ஒரு நாள் ரயிலில் வெடிக்கிறது. ஊர் பார்க்க இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறார்கள். பிள்ளை, அந்தச் சண்டையை வாசித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அதுவரை அவள் அந்த வீட்டில் விருந்தாளியாகத்தான் இருந்தாள்.

பிறகு குண்டு வெடித்து அவள் வலது கை போகிறது. படம் வரைந்த கை. அதற்குப் பிறகு வரும் காட்சிகளில் பின்னணியை அந்த ஓவியர் தன் இடது கையால் வரைந்திருக்கிறார். கோடுகள் கோணலாக இருக்கும். பேரன் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.

என் மனைவி போய் நான்கு வருடம். நாங்கள் ரயிலில் ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. எல்லோரும் எங்களைப் பொருத்தமான ஜோடி என்றார்கள்.

தம்பலகாமத்து மாப்பிள்ளை:

நான் ஊர் மட்டக்களப்பு, இருப்பது தம்பலகாமத்தில் மனைவியின் வீட்டில். இருபது வருடம். சகோதரி எழுதியதில் அந்தச் சீனிப் போத்தலில் நின்றுவிட்டேன். மாமா போய் ஆறு வருடமாகிறது. அவருடைய சாய்மனைக் கதிரையில் நான் இன்றுவரை உட்காரவில்லை. உட்கார வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. உட்காரச் சொல்லியும் ஒருவரும் சொன்னதில்லை.

இளவயதில் மூன்று வருடம் ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். ஞாயிறு பின்னேரம் ஆறரைக்கு விடுதியில் எல்லோரும் "சஸாயே-சான்" பார்ப்பார்கள். 1969 இலிருந்து ஓடும் கார்ட்டூன். அது முடிந்தால் நாளைக்கு வேலை என்று எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். அதற்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது. மூலம் மச்சிகோ ஹசெகாவா 1946 இல் பத்திரிகையில் தொடங்கி 1974 வரை வரைந்த நான்கு கட்டப் படக்கதை. சஸாயே என்றால் ஒரு கடற்சங்கு. அவள் தம்பி கட்சுவோ, நாங்கள் சூரை என்போமே அந்த மீன். தங்கை வக்காமே, கடற்பாசி. மீன் சந்தைக்குள் நுழைந்ததுபோல ஒரு குடும்பம்.

இதில் விடயம் என்னவென்றால் கணவன் மசுவோ மனைவியின் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறான். அந்த நாட்டில் அது பெரும்பாலும் நடக்காதது. முதலில் தனியாக வாடகைக்குத்தான் இருந்தார்கள். இவன் விறகுக்காக வீட்டுக்காரரின் வேலியை அறுத்துவிட, அவர் வெளியே போகச் சொல்லிவிட்டார். நான் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்த கதை அது. தம்பலகாமம் வந்த பிறகுதான் மசுவோ ஏன் எப்போதும் சிரித்த முகமாகவே இருக்கிறான் என்று விளங்கியது. அடுத்தவர் வீட்டில் முகத்தைத் தொங்கப்போட முடியாது.

சகோதரி, காடைக்கு வயர் வாங்கியது பிழைதான். ஆனால் அந்த வீட்டில் அவருக்கென்று இருப்பது அந்தக் கூடு ஒன்றுதானோ என்றும் பாருங்கள்.

உவர்மலைக் கணக்குப்பிள்ளை:

அண்ணா, கடைசி வரிக்கு முதலில் கோபத்தோடு ஒரு பதில் எழுதினேன். என் சம்பளம், என் தூக்கம், என் முதுகு வலி இவையெல்லாம் எந்தக் கூட்டில் இருக்கின்றன என்று. பிறகு அழித்துவிட்டேன். அழித்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நியாயம் எனக்கும் கொஞ்சம் உண்டு.

வாத்தியார் ஐயா, கடைசி மூன்று வரிக்குப் பிறகு எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. சேவல் பிறகு என்ன ஆனது?

புவியியல் வாத்தியார், திருக்கடலூர்:

இரண்டாம் நாள் காட்டிலேயே சமைத்துவிட்டார்கள். அம்மாதான் சமைத்தார். நல்ல ருசி என்றும் சொல்வார்.

சல்லிப் பொடியன்:

அக்கா, முதலிலேயே ஒரு புத்தகம் மனதில் வந்தது. அத்தானைக் குத்திக்காட்டுவதுபோல ஆகிவிடுமோ என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். யோஷிஹாரு ட்சுகே 1985, 1986 இல் வரைந்த "திறமையற்ற மனிதன்". ஆங்கிலத்தில் 2020 இல்தான் வந்தது.

ஒருவன் மங்கா வரைந்தவன், இப்போது வரைவதில்லை. பழைய கமெராக்களைத் திருத்தி விற்கிறான், அது படுத்துவிடுகிறது. பிறகு ஆற்றங்கரையில் ஒரு கொட்டில் போட்டுக் கல் விற்கிறான். எந்தக் கல்? அதே ஆற்றங்கரையில் பொறுக்கிய கல். எவர் வாங்குவார்? மனைவி குடியிருப்புகளில் விளம்பரத் துண்டுகள் போட்டுச் சம்பாதிக்கிறாள். இருட்டினால் சின்ன மகன் வந்து அப்பா வீட்டுக்கு வா என்று கூட்டிக்கொண்டு போகிறான். இதற்குமேல் சொல்லவில்லை. சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். என்னிடம் அச்சுப் பிரதி இருக்கிறது, தருகிறேன்.

உவர்மலைக் கணக்குப்பிள்ளை:

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பொடியன் தம்பி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தெரிந்த கடை ஒன்றில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாங்கிக்கொண்டு வந்து, மகளுக்கு ஒரு பலூன் எடுக்கும் நேரத்துக்குள் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்தேன். எங்கள் ஊர் மான்களைப் பற்றித் தெரியும்தானே. ஒன்று வந்து சுற்றியிருந்த பத்திரிகைத் தாளை இழுத்துச் சப்பிவிட்டது. அட்டையின் மேல் மூலையில் பல் அடையாளம் இருக்கிறது. தம்பி, புதுப் பிரதிக்கு என்ன விலையோ சொல்லுங்கள், தருகிறேன்.

இரண்டு இரவில் வாசித்து முடித்தேன். முதலில் அந்த மனைவியின் முகமே வருவதில்லை. முதுகைத்தான் வரைந்திருக்கிறார். வையும் குரல் மட்டும் கேட்கிறது. பிறகொரு கதையில்தான் முகம் வருகிறது, கல் தேடி மூன்று பேரும் பயணம் போகும்போது. அவ்வளவு களைத்த, அவ்வளவு சாதாரணமான முகம். நான் அவளை அதுவரை ஒரு ராட்சசி என்றல்லவா நினைத்திருந்தேன்! புருஷன் பார்த்த மாதிரியே நானும் பார்த்திருக்கிறேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கண்ணாடியில் என் முதுகைப் பார்க்க முயன்றேன். இது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம், ஆனால் நடந்தது.

இவரிடம் வாசியுங்கள் என்று சொல்லவில்லை. குளியலறைக்குப் பக்கத்தில் அவர் பீடி வைக்கும் தட்டில் வைத்துவிட்டேன். (பீடியை விட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.) மூன்று நாள் புத்தகம் அந்த இடத்திலேயே இருந்தது. நான்காம் நாள் இல்லை.

போன ஞாயிறு இரவு மகள் தூங்கிய பிறகு பின்பக்கத்துக்குப் போனேன். காடைக் கூட்டுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அந்த 4,500 ரூபாய் மின்குமிழ் வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். நல்ல வெளிச்சம், அதையும் சொல்ல வேண்டும். என்னைக் கண்டதும் எழும்பி வாளியைத் தந்தார். நான் உட்காரவில்லை.

நீ ஏன் இதை எனக்கு வைத்தாய் என்று கேட்பார் என்று எதிர்பார்த்து வாக்கியங்கள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது: "இந்தக் கல்லைக் கடைசி வரை ஒருவரும் வாங்கவில்லையா?"

இல்லை என்றேன்.

"நான் என்றால் விலையை இன்னும் குறைத்திருப்பேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. காடைகள் விழித்துக் கத்தத் தொடங்கின. மேலே அறையும் விசிறியும் இல்லாத இடத்தில் நாங்கள் சாதாரணக் குரலில் கதைத்து எத்தனை மாதம் என்று அப்போதுதான் நினைத்தேன். அந்தச் சத்தத்துக்குள்ளே அவர், தீவனக் கடையில் 38,600 ரூபாய் கடன் இருக்கிறது என்றார். கேட்காமலே சொன்னார். நான் வாளியில் உட்கார்ந்தேன்.

பிறகு நடந்தது சண்டைதான். நல்ல சண்டை. கீழே அம்மா விளக்கைப் போட்டார், அப்பா போய்ப் படு என்று அம்மாவைச் சொன்னதும் கேட்டது. வாத்தியார் ஐயா ரயில் என்று எழுதியது எனக்கு நடுவில் நினைவு வந்தது. இவரிடம் சொன்னால் விளங்காது என்று சொல்லவில்லை. இரவு ஒன்றரைக்கு இரண்டு பேரும் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்தோம். தீவனம் இந்த விலையில் இருக்க, முட்டை அந்த விலைக்குப் போனால் ஒரு நாளும் முதல் திரும்பாது என்று அவரே பென்சிலால் எழுதினார். எழுத்து அழகான எழுத்து. ஹோட்டலில் இருந்தபோது வருகைப் பதிவேட்டை அவர்தான் எழுதுவார்.

அந்த வெறும் வரி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

கிண்ணியா ராத்தா, "ஒளியோடு" அடுத்து வாசிக்கிறேன். மகனிடம் சொல்லுங்கள், உவர்மலை ஏற்றத்தில் நேற்றுப் பதினான்கு சக்கர லொறி ஒன்று ஏற முடியாமல் நின்றது.

இன்னொன்று. மூன்று தட்டுக் காடைக் கூடு, வயரிங் மின்குமிழ் எல்லாம் பொருத்தியது, நல்ல நிலையில், விற்பனைக்கு இருக்கிறது. காடைகள் நாற்பத்திரண்டு, அவற்றைத் தனியாகவும் தருவோம். சல்லி, சாம்பல்தீவு, தம்பலகாமம் பக்கம் எவருக்காவது வேண்டுமானால் இங்கே எழுதுங்கள். விலை பேசலாம், இவர் குறைப்பார், நான் குறைக்க மாட்டேன்.